மாமா இழுத்துக்கொண்ட தட்டு

அண்ணா,

என் மகள் பள்ளியில் சாப்பிடாமல் இருப்பதற்கு நீதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அவள் தட்டை இழுத்துக்கொண்டு, "போதும்டி பூசணி, நாற்காலி பாவம்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருகிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

குண்டுப் பிள்ளையைப் பார்த்தால் எல்லாரும் தாயின் சமையலறையைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். அவளைக் காட்டப் போனபோது டாக்டரம்மா மட்டும் வேறொன்று கேட்டார்: "கைக்குழந்தையா இருந்தப்போ ஆன்டிபயாட்டிக் நிறைய குடுத்தீங்களா?"

மூக்கு ஒழுகினாலே கொடுத்தோம் என்றேன்.

அந்த வயதில்தான் குடலில் நல்ல பாக்டீரியா குடியேறுமாம். மருந்து அதையும் சேர்த்து அழித்துவிடுமாம். சாப்பிடுவதில் உடம்பு எவ்வளவைச் சேர்த்துவைக்கிறது என்பதில் அதற்கும் பங்கு உண்டாம். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார்.

அந்த ஆன்டிபயாட்டிக் சிரப் எந்த மருந்துக்கடையிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "டாக்டர் எதுக்கு, மாமன் நான் இருக்கேன்ல" என்றுதான் ஒவ்வொரு முறையும் உன் கடையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாய். பாசத்தில் செய்தாய், அதற்காகச் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் நேற்று, "நான் ரொம்பத் திங்கிறேனாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். அவளுக்கு மாமா சொல்வதுதான் வேதவாக்கு.

கடையைச் சாத்திவிட்டு வா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. அவள் மேல் தப்பில்லை என்று உன் வாயால் சொல். என்றைக்கு வருகிறாய்?

உன் தங்கை