வெயிலுக்குக் கட்டிய கூரை

30.5.83
பிப்ரவரியில் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றினேன், வலது மணிக்கட்டு முறிந்தது. படம் பிடித்துப் பார்த்த பட்டணத்து டாக்டர், எலும்பில் சத்தே இல்லை என்று ஹார்மோன் மாத்திரை எழுதினார். அதன் பலன் இன்று தெரிந்தது. நின்றுபோய் நாலு வருடமான மாதவிலக்கு திரும்பி வந்திருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில்! யாரிடம் சொல்வேன்?

17.6.83
ஊரெல்லாம் நோன்பு. எனக்கு இல்லை. இரத்தம் நிற்கவேயில்லை. இது விலக்கா, நோயா, நான் நோன்பு வைக்கலாமா? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். "இதையெல்லாம் எப்படி வாயத் தொறந்து கேக்கறது?" என்றார். வருவது எனக்கு. வெட்கம் அவருக்காம்!

20.6.83
தோணிரேவிலிருந்து இறால் கொண்டுவரும் ஜெசிந்தா துணைக்கு வந்தாள். பொன்னேரி லேடி டாக்டர் சோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் கெடுதல் தெரியவில்லை, மாத்திரைதான் காரணம், நிறுத்து என்றார். பதிலுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை, பால், முள்ளோடு மென்று தின்ன நெத்திலி, நடை, கை கால்களில் காலை வெயில். "அந்த மாத்திரை அளவுக்கு இது கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா வீட்டுக்குள்ளயே அடைஞ்சி கெடந்தா இன்னும் உடையும்."

அடைந்து கிடப்பது என் ஆசையா? ஜெசிந்தாவுக்கும் என் வயதுதான். தலையில் கூடையோடு நிமிர்ந்து நடக்கிறாள். வீடு வரும்வரை எனக்கு எரிச்சல்.

21.6.83
மாத்திரையை நிறுத்திவிட்டேன். மாடியில் வெயில் காய்வேன் என்றதற்கு அவரோடு சண்டை.

29.6.83
மொட்டை மாடியைச் சுற்றித் தட்டி கட்ட, கூரை வேய்கிற தேசப்பனை அழைத்து வந்தார். மனிதர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன் — முட்டாள். ஏறிப் பார்த்தால் தலைக்கு மேலேயும் கீற்று! எதிர்வீட்டு மாடி உயரமாம், பசங்க பார்ப்பார்களாம். வெயில் காயப் போகிறவளுக்கு நிழல் கட்டிக் கொடுத்திருக்கிறார். கேட்டால், "காத்து வருதில்ல, ஒக்காரு" என்கிறார். சிரிப்பதா, அழுவதா?

30.6.83
தொரட்டியால் மேல் கீற்றை எல்லாம் இழுத்துத் தள்ளினேன். இடது கையால்தான். சத்தம் கேட்டு ஓடி வந்தார். "எதிர்வீட்டுப் பசங்க பாப்பானுங்கடீ!"

"பாக்கட்டும்! கெழவி முழங்கையப் பாத்து இன்னா பண்ணப் போறானுங்க? இடுப்பு உடைஞ்சி நான் படுத்தா மூத்திரம் அள்றது யாரு, நீங்களா?"

தெரு முழுக்க ஜன்னல் திறந்தது. இவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. வருத்தமில்லை.

4.7.83
அவரே எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறார். "எட்டு மணியிலேருந்து அரை மணி நேரம் ஆம்பளைங்க மாடிக்கு வர வேணாம், எங்க வீட்டம்மாவுக்கு எலும்புல சத்தில்ல"ன்னு சொன்னாராம். இப்போது மட்டும் வாய் திறக்க முடிந்ததோ? எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

12.8.83
ரமலானில் விட்ட நோன்புகளைத் திருப்பி வைக்கிறேன், இன்று ஐந்தாவது. இரத்தம் பிறகு வரவில்லை. முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது. எலும்பு என்ன ஆனது என்று அடுத்த வருடம் படம் எடுத்தால்தான் தெரியும்.

காலையில் மாடியேறினேன். எதிர்மாடியில் அந்த வீட்டுக் கரீமா, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் மூணு வருஷமா முதுகு கூனிக்கினே வருது லாத்தா. வீட்டுல யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டு அழுதாள்.

நாளை முதல் பஸ்ஸில் அவளைப் பொன்னேரிக்கு அழைத்துப் போகிறேன். இவரிடம் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.