வாலின் அடிப்பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, இரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகமாக இருக்க வேண்டும், குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது, இன்னமும் கை தானாக இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறது. அருங்காட்சியகத்துக்காக நாங்கள் இருவரும் செய்த நீள்கழுத்து டைனோசர் உனக்கு நினைவிருக்கும், தூண் மாதிரி நாலு கால், பீப்பாய் வயிறு, அந்த உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, கழுத்து எங்கே முடிகிறது என்று அண்ணாந்து பார்த்து நீ மல்லாக்க விழுந்தாயே, அதுதான். உருவம் என் வேலை, தோலும் வண்ணமும் அம்மாவுடையது. அன்றைய புத்தகங்களில் இருந்தபடி வாலைத் தரையில் கிடத்தினேன். அம்மாதான், "இவ்ளோ கனத்த இழுத்துக்கிட்டே நடந்தா தோல் தேஞ்சு போகாதா? இவ்ளோ பெரிய உருவம், உங்கள மாதிரியே பயந்து பயந்து நடக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். படித்தவன் என்ற நினைப்பில், "உனக்கென்ன தெரியும், நீ வண்ணத்த மட்டும் பாரு" என்றேன். தரையில் படுகிற பக்கத்துக்கு வண்ணம் வேண்டாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் சொன்னேன்.

போன வாரம் அருங்காட்சியகத்தின் புதிய காப்பாட்சியர் கூப்பிட்டனுப்பினார். கிடைத்திருக்கும் காலடித் தடங்களில் வால் இழுபட்ட கோடு அநேகமாக இல்லையாம், கழுத்துக்கு ஈடாக வாலையும் தூக்கிக்கொண்டுதான் நடந்திருக்கிறது, ஆகவே வாலைத் தூக்கி நிறுத்திப் பழைய பூச்சை முழுக்கச் சுரண்டிப் புதிதாக அடிக்கப் போகிறார்களாம். "அடிப்பக்கம் எப்படியும் மொட்டையாத்தானே சார் இருக்கும்?" என்றார். வழக்கம்போல் தலையாட்டினேன். நாலு பேர் சேர்ந்து வாலைத் தூக்கினார்கள். மொட்டையாக இல்லை. நுனிவரைக்கும் செதில் செதிலாக, ஒவ்வொன்றுக்கும் நிழல் வைத்து, அம்மா தீட்டியிருந்தாள். முப்பத்தொரு வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல இப்போது வீட்டில் அவள் இல்லை. "சுரண்டாதீங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "சரி சார், அடிப்பக்கத்த மட்டும் அப்படியே விட்டுடறோம்" என்றார். முதுகையும் கழுத்தையும் கேட்டிருக்கலாம், எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை, அன்றிலிருந்து தூக்கமில்லை.

அடுத்த மாதக் கடைசியில் சுரண்டத் தொடங்குகிறார்கள். முடிந்தால் அதற்குள் ஒரு நடை வா, முடியாவிட்டால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எப்போது வந்தாலும் குட்டியோடு அந்த வாலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார், விழாமல் பிடித்துக்கொள். நீங்கள் மூவரும் நிறைவாக இருக்க வேண்டும். காதை மூடிக்கொள்ள மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா