வடம் பிடித்த கை

என் தங்கமான விஜி அக்கா,

நம் ஊரில் அம்மன் தேரைப் பெண்கள்தானே இழுப்போம். எவ்வளவு நெரிசலிலும் நீ முன்வரிசைக்குப் போய்விடுவாய். பின்னால் திணறும் என்னைப் பார்த்து, "சோறு துன்னலையா? நல்லா இழுடி" என்பாய். தேர் அசைந்ததும் நீ சிரிக்கும் சிரிப்புக்காகவே நானும் வருவேன்.

நான் பள்ளியில் படித்த வருடம் நீ தேர் இழுத்தாய்; கார்த்திகைத் தீபம் முடிந்த பத்தாம் நாள் உனக்குக் கரு கலைந்தது. "ரெண்டு மாசத்துல யாருனா தேர் இழுப்பாங்களாக்கா?" என்று முதலில் கேட்டது நான்தான். பிறகு தெருவே கேட்டது. அதன் பின் தேர் வரும்போதெல்லாம் கடை ஓரமாக ஒதுங்கி நின்றாயே, அது நான் செய்த பாவம்.

நீ போய் மூன்று வருடம். போன மாதம் நம் தம்பி செந்திலின் மனைவி கவிதாவுக்கும் அதே கதை. கருவுற்றது தெரியாமல் அவளும் தேர் இழுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கருவைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு குரோமோசோம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. குரோமோசோம் பார்ப்பதுதானே என் வேலை, நானும் பார்த்தேன்.

"நான் இழுத்ததாலயா அண்ணி?" என்றாள்.

உட்கார வைத்துச் சொன்னேன். செல் பிரியும் முன் ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் பல புரதங்கள் கூடி ஒரு பிடி கட்டும். இரு பக்கமிருந்தும் இழைகள் வந்து அந்தப் பிடியைப் பற்றும். ஒரே ஒரு பிடி சரியாக மாட்டவில்லை என்றாலும் செல் பிரியாமல் காத்திருக்கும். எப்போதாவது அந்தக் காவலும் ஏமாந்துவிடும்.

"அப்போ ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி ஆயிடும். இது பெரும்பாலும் கரு உண்டாகறதுக்கு முன்னாடியே முட்டையில நடந்துடுது கண்ணு. நீ வடத்தைத் தொடறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சு."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "அப்போ நம்ம விஜி மேலயும் தப்பு இல்லியாடி?"

உன் கருவை யாரும் சோதிக்கவில்லை அக்கா. இதுதான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உன்மேல் பழி போட யாருக்கும் உரிமை இருக்கவில்லை. "இல்லம்மா" என்றேன்.

"இதெல்லாம் உனக்கு எப்பருந்து தெரியும்?"

"காலேஜ்ல படிச்சப்பவே தெரியும்மா" என்றேன். அப்போது நீ உயிரோடு இருந்தாய் அக்கா. சொல்ல வந்தால் என் வாய்க்கொழுப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று தள்ளிப்போட்டேன். ஒரு தீபாவளிக்குச் சொல்லலாம், ஒரு பொங்கலுக்குச் சொல்லலாம் என்று. என்ன ஜென்மம் நான்?

அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இனி எந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்ல நாள் பார்க்க மாட்டேன் அக்கா.

உனக்கு மட்டும் சொல்லாமல் விட்ட
உன் தங்கச்சி மாலா