அப்பாவின் பஸ் சேவ் ஆகவில்லை

செப்டம்பர் 8, திங்கள்

இன்றும் சேவ் ஆகவில்லை. நான் ஆபீஸிலிருந்து வந்ததுமே அப்பா சொன்னார்: "நேத்து ஓட்னது எல்லாம் போச்சு வனஜா. மறுபடி டிப்போவுலயே நிக்குது." நடுவில் ஹேங் ஆகிவிடுகிறதாம், பட்டனை அமுக்கி அணைத்துவிடுகிறாராம். என் பழைய லேப்டாப்புக்கு இந்த பஸ் ஓட்டும் கேம் கொஞ்சம் அதிகம்தான். கேமில் வருவது ஏதோ வெள்ளைக்கார ஊர். அப்பா மட்டும் ஸ்டாப்புகளுக்கெல்லாம், தான் கம்பெனி பஸ் ஓட்டிய ரூட்டின் பெயர்களை வைத்திருக்கிறார் — மடிவாளா, சில்க் போர்டு, பொம்மனஹள்ளி.

விபத்துக்குப் பிறகு இரண்டு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர் இதற்காகத்தான் எழுந்து உட்காருகிறார். இதுவும் போனால்?

செப்டம்பர் 11

டிஸ்க்கில் இடம் காலி செய்தேன். ஆன்டிவைரஸ் தடுக்கிறதோ என்று அதையும் பார்த்தேன். நானே கடைசி ஸ்டாப் வரை ஒரு ட்ரிப் ஓட்டினேன். ஒழுங்காக சேவ் ஆனது. எனக்கு ஆகிறது, அவருக்கு மட்டும் ஏன் ஆகவில்லை? நாளெல்லாம் ஆபீஸில் பிறத்தியார் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறேன். வீட்டில் இருக்கிற ஒன்றைச் சரிசெய்யத் துப்பில்லை.

செப்டம்பர் 13, சனி

ரோட்டில் நடக்கும் ஆட்களைக் காட்டத்தான் லேப்டாப் திணறுகிறது. செட்டிங்கில் ஆட்களை மொத்தமாக எடுத்துவிட்டேன். என்ன வேகம்! பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா கொஞ்சநேரம் பார்த்தார்.

"ரோட்ல யாருமே இல்லியேம்மா."

எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 14

தொடவேயில்லை.

செப்டம்பர் 20, சனி

வற்புறுத்தி உட்காரவைத்துப் பக்கத்திலேயே இருந்தேன். கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆரம்பித்தார், முன்பு ஸ்டியரிங்கைத் தொட்டு ஒற்றிக்கொள்வாரே, அப்படி. அழகாக ஓட்டினார். பொம்மனஹள்ளி என்று அவர் சொல்லும் ஸ்டாப்புக்குச் சற்று முன்னால் ஓரம் கட்டினார். விரல் நேராகப் பவர் பட்டனுக்குப் போனது.

"ஹேங் ஆயிடுச்சு."

ஆகவில்லை. சிக்னல் விளக்கு மாறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கடைசி ஸ்டாப்பில் ட்ரிப்பை முடித்தால்தான் இந்த கேம் சேவ் செய்யும். அவர் ஒருநாளும் முடித்ததில்லை. அந்த விபத்தில் ஒரு காலேஜ் பெண் அப்பாவின் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடிவந்து செத்துப்போனது பொம்மனஹள்ளியில்தான். ஆளே இல்லாத ரோட்டிலும் அப்பாவால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. கடவுளே, இத்தனை நாள் நான் என்னத்தை ரிப்பேர் பண்ணிட்டு இருந்தேன்?

செப்டம்பர் 21

அம்மா தாங்காமல் கேட்டேவிட்டாள்: "உங்க மேல தப்பில்லன்னு போலீஸே எழுதிட்டாங்களே!"

"போலீஸ் எழுதும். அந்தப் பொண்ணோட அம்மா சொல்லுவாளா?"

யாரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

எங்கள் ஸ்ரீராம்புரம் முழுக்க ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டியிருக்கிறார்கள். அம்மா அரிவாள்மணைக்கு, மிக்ஸிக்கு, கடைசியில் லேப்டாப்புக்கும் குங்குமம் வைத்தாள். அப்பா ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து லேப்டாப்புக்கு முன்னால் வைத்தார், சக்கரத்துக்கு வைப்பது போல. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஜனங்கள திரும்பப் போடும்மா."

"ஸ்லோ ஆயிடும்பா."

"ஆவட்டும். மெதுவாவே போறேன்."

போட்டேன். படம் விட்டுவிட்டு நகர்ந்தது. அதே இடத்தில் நிறுத்தினார். திரையில் ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள், திணறித் திணறி, ஒவ்வோர் அடியாக. அப்பா ஹாரன் அடிக்கவில்லை. அவள் அந்தப் பக்க நடைபாதையில் ஏறும்வரை காத்திருந்தார். அப்புறம் கிளம்பினார் — கடைசி ஸ்டாப் வரை.

"சேவ் ஆச்சா பாரும்மா."

"ஆச்சுப்பா."