சாவி வண்டியிலேயே இருந்தது

சாவ் ஜார்ஜ் தீவு,
அக்டோபர் 9

அன்புள்ள மோரக் அவர்களுக்கு,

உங்கள் கணுக்கால் வீக்கம் இதற்குள் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்ததும் நீங்கள் அனுப்பிய அட்டை கிடைத்தது. அதை என் கணவர் எர்மீனியோ சமையலறைக் கடிகாரத்தின் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் காலையில் புறப்படும்போது தொட்டுவிட்டுத்தான் போகிறார்.

இத்துடன் வரும் நீளமான பொட்டலத்தை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு திறந்தால் நல்லது. உள்ளே இருப்பது உங்கள் கணவரின் நடைத்தடி. நீங்கள் கைப்பிடியில் சுற்றிக் கொடுத்த நீல நாடா அப்படியே இருக்கிறது. காவலர் பார்த்து, படமெடுத்துக்கொண்டு, திருப்பித் தந்துவிட்டார். அதைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்கிறேன், நீங்கள் பக்கங்களைப் புரட்டித் தேடவேண்டாம்.

தடி கிடைத்தது வடக்கே, கீழ்க்கரைக்கு இறங்கும் பாதையில், மழையில் மண் சரிந்த ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே எப்படி என்று கேட்பீர்கள். வண்டி மேலே அல்லவா நின்றது, மலைமுதுகுப் பாதை தொடங்கும் மேய்ச்சல் நிலக் கதவருகே? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஆனால் இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் எங்கள் வீட்டில் தங்க வந்து இறங்கிய மாலை நினைவிருக்கிறதா? வாடகை வண்டியைத் தோட்டத்தில் நிறுத்திவிட்டு, நடைப் பயண நிறுவனம் கொடுத்த வழிக் குறிப்புகளை மேசைமேல் பரப்பினீர்கள். எர்மீனியோ அவற்றைப் பார்த்துவிட்டு என்னிடம், “காசு குடுத்து நடக்கிறாங்களா? நம்ம மாடுங்க சும்மாவே நடக்குதுங்களே, அதுங்ககிட்டயும் வாங்கலாம்போல” என்றார். நான் மொழிபெயர்த்தேன். உங்கள் கணவர் அலாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வண்டியை எங்கே பத்திரமாக விடுவது என்று அவர் கேட்டதற்கு எர்மீனியோ, “சாவிய வண்டியிலேயே விட்டுட்டுப் போங்க ஐயா. எல்லாரும் அப்படித்தான் விடுவோம். இந்தத் தீவுல வண்டியத் திருடி எங்க கொண்டு போறது, கடலுக்குள்ளயா?” என்றார். அதையும் நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை.

உங்கள் கணவர் அதைக் கேட்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடுபனி. நீங்கள் கால் சுளுக்கோடு மாடியில் இருந்தீர்கள். மலைமுதுகு வேண்டாம், கீழ்க்கரைப் பாதை என்றால் பரவாயில்லை என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு நடந்தது எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது: ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் தெருவோரமாக வண்டியை நிறுத்தி, சாவியை உள்ளேயே விட்டுவிட்டு, கீழ்க்கரைப் பாதையில் இறங்கினார்.

அன்று பிற்பகல் எங்கள் தெருவில் கயிற்றுக் காளை ஓட்டம். கயிற்றின் முனையை ஆட்கள் பிடித்திருந்தாலும், காளை தெருவின் நீளத்துக்கும் பாயும். அதற்கு முன் தெருவில் நிற்கும் வண்டிகளை எல்லாம் அகற்றியாக வேண்டும். யாருடைய வண்டி என்று நாங்கள் பார்ப்பதில்லை, வழியில் நிற்கிறதா என்றுதான் பார்ப்போம். சாவி உள்ளே இருக்கும். கையில் கிடைத்ததை எடுத்து மேலே மேய்ச்சல் கதவருகே கொண்டுபோய் நிறுத்துவோம். சாயங்காலம் அவரவர் போய் எடுத்துக்கொள்வார்கள். நூறு முறை செய்திருக்கிறோம். ஒரு தவறும் நடந்ததில்லை.

உங்கள் வண்டியை நகர்த்தியவர் எர்மீனியோ.

திராட்சை மது குடித்திருந்தார். ஊரில் பாதி வண்டிகள் சின்னதாக வெள்ளையாகத்தான் இருக்கின்றன. தான் நகர்த்தியதில் உங்களுடையதும் ஒன்று என்று அவருக்கே தெரியாது. இருட்டியும் உங்கள் கணவர் திரும்பாதபோது ஊர் முழுவதும் விளக்கோடு புறப்பட்டது. மற்றவர்கள் எல்லாரும் வண்டிகளை எடுத்துப் போய்விட, மேலே அது மட்டும் தனியாக நின்றது. வண்டி அங்கே நிற்கிறதென்றால் ஆள் மலைமுதுகில்தான் போயிருக்கிறார், வெளியூர்க்காரர்கள் சொன்னால் எங்கே கேட்கிறார்கள் என்று தீயணைப்புப் படைத் தலைவரிடம் சொன்னவள் நான். அதனால் தெற்குச் சரிவைத் தேடினார்கள். அன்றும் மறுநாளும் வடக்குப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மோப்ப நாய்க்கு வாசனை காட்டுவதற்காக வண்டியைத் திறந்தபோது எர்மீனியோ பக்கத்தில் நின்றிருந்தார். ஓட்டுநர் இருக்கை முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது. உங்கள் கணவர் எங்கள் வாசலில் குனிந்து நுழைந்த உயரக்காரர். என் கணவர் குள்ளம். “அந்த மனுஷன் இதுல எப்படி உக்காந்திருப்பாரு?” என்று சத்தமாகக் கேட்டாராம். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

உடனே படைத் தலைவரிடம் சொன்னார். வடக்கே ஓடினார்கள். முந்தின இரவு மழையில் பாதை சரிந்து ஓடையோடு போயிருந்தது. இயன்றவரை தேடினார்கள். அது பொய்யில்லை.

அன்று மாலை எர்மீனியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் உங்கள் முன்னால் நின்றார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது இது: “அம்மா, வண்டிய மேல கொண்டுபோய் வெச்சது நான்தான். என்னாலதான் வேற பக்கம் தேடுனாங்க. உங்க வீட்டுக்காரர் கீழ்க்கரைக்குத்தான் போயிருக்காரு. என்னைப் போலீசுல குடுங்க, அடிங்க, என்ன வேணா செய்யுங்க.”

நான் உங்களிடம் சொன்னது: இனி வடக்கேயும் தேடப் போகிறார்களாம், தன் உயிர் உள்ளவரை தேடுவேன் என்கிறார்.

நீங்கள் எழுந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டீர்கள். “கடவுள் உங்களை நல்லா வெச்சிருக்கணும். இந்தத் தீவுலயே நல்ல மனுஷன் நீங்கதான்” என்றீர்கள். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன்.

அவர் அழுதது எதற்கென்று உங்களுக்குத் தெரியாது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று நாளாக நீங்கள் சாப்பிடவில்லை, இன்று வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அது பாதிதான். மறுபாதி பயம். வழக்கு, சிறை, பண்ணை பறிபோவது. மறுநாள் இன்னும் கடினமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தேன், இருபது வருடமாகப் பள்ளியில் அதைக் கற்பிக்கிறேன். ஊரில் அந்த மொழிக்கு நான் ஒருத்திதான். நான் சொல்லிவிட்டேன் என்றே எல்லாரும் நம்பினார்கள். தெருவில் பெண்கள் உங்கள் கையை முத்தமிட்டதும், பக்கத்து வீட்டுக்காரி தியோதாத்தா ஒரு முழுப் பாலாடைக்கட்டியை உங்கள் மடியில் வைத்ததும் உங்கள் துக்கத்துக்காக மட்டும் அல்ல. “மன்னிச்சிட்டாங்க பாரு, நம்மால முடியுமா அது?” என்று பேசிக்கொண்டார்கள்.

எர்மீனியோவும் அப்படித்தான் நம்புகிறார். அதனால்தான் இப்போது தினமும் இறங்குகிறார். அதிகாரிகள் பாதையை மூடிவிட்டார்கள். தேடுதலும் முடிந்துவிட்டது. இவர் வேலியைத் தாண்டி, மரத்தில் கயிறு கட்டி, தனியாக ஓடைக்குள் போகிறார். மாடுகளைத் தியோதாத்தாவின் மகன் கறக்கிறான். போன வாரம் விழுந்து விலா எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே போனார். அப்படிப் போனபோதுதான் இந்தத் தடி அகப்பட்டது. இனி அவரை யாராலும் நிறுத்த முடியாது. மழைக்காலம் தொடங்கிவிட்டது. சரிவு முழுதும் ஊறிக் கிடக்கிறது. தியோதாத்தா, “உன் புருஷன் தேடப் போறானா, போய்ச் சேர்ந்தவருக்குத் துணையாப் போறானா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். நான் கெஞ்சினால் அவர் சொல்வது ஒன்றுதான்: “அந்தம்மா என்னை மன்னிச்சாங்க, லியோனில்டா. மன்னிச்சவங்க முன்னாடி வெறுங்கையோடவா நிக்கச் சொல்ற?”

அப்படி ஒரு மன்னிப்பே இல்லை, அதை உண்டாக்கியவள் நான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த நாள் கயிறு இல்லாமல் இறங்குவாரோ என்று பயம்.

இன்னொரு வழியும் தெரிந்தது. நீங்கள் எழுதியதாக நானே ஒரு கடிதம் எழுதி, போதும், இனிப் போகவேண்டாம் என்று வாசித்துக் காட்டலாம். அவர் நம்புவார். உண்மையில் அதைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். கிழித்ததில் இரண்டு அதுதான். உங்கள் கையெழுத்துக்கூட எனக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்தபோது என்மேலேயே எனக்கு அச்சம் வந்தது.

இப்போது அவர் அடுப்பருகே பூட்சைக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். தடி கிடைத்ததை உங்களுக்கு எழுதுகிறேன் என்று நினைக்கிறார். “இதையும் எழுது: அவரு நடந்த பாதையில நான் தினமும் நடக்குறேன்னு எழுது. தனியா இல்லன்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன். இது அவர் சொன்னது சொன்னபடி.

நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் உங்கள் கணவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டே, “கீழ்க்கரைக்குத்தான் போறேன்னு சத்தியம் பண்ணாரு. முப்பத்தாறு வருஷத்துல என்கிட்ட பொய் சொன்னதே இல்ல. கடைசியாச் சொன்னதா பொய்யா இருக்கணும்?” என்றீர்கள். நான் பக்கத்தில் நின்று போர்வையை மடித்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. மற்றதை நீங்கள் பொறுத்தாலும் இதைப் பொறுக்கமாட்டீர்கள். பொறுக்கவும் கூடாது.

அவர் பொய் சொல்லவில்லை, மோரக். சொன்ன பாதையில்தான் போனார். பொட்டலத்தைத் திறந்து பாருங்கள். நாடாவில் கீழ்க்கரை மண் ஒட்டியிருக்கிறது, கருமண். நான் துடைக்கவில்லை.

என்னை என்ன செய்வதென்று நீங்கள் முடிவு செய்யுங்கள். வழக்கு என்றால் இந்தக் கடிதமே சாட்சி, பெயர் போட்டுத்தான் அனுப்புகிறேன். கேட்பது ஒன்றுதான். அவருக்கு ஒரு பதில் எழுதுங்கள். மன்னிப்பு எழுதச் சொல்லவில்லை. சபித்தாலும் சரி. இறங்கவேண்டாம் என்ற ஒரு வரி மட்டும் முதலில் இருக்கட்டும். மற்றது அதற்குப் பின்னால் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். சீக்கிரம் எழுதுங்கள். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே நான் செய்ததை முதலில் அவரிடம் சொல்வேன். பிறகு அவரை உட்காரவைத்து, நீங்கள் எழுதியதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் வாசிப்பேன்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
லியோனில்டா