என் கண்ணை அளவுகோலாக வைத்தேன்

நாள் 211. 07:10
செவ்வாய்ச் சுற்றுப்பாதை நிலையம். எழுதுவது கண் மருத்துவர் சண்முகவடிவு. இங்கே இருவர்தான்: நான், விமானி மிக்கேல்.

கார்னியா சோதனை முடிந்தது. கருவி கண்ணின் முன்படலத்தில் மெல்லக் காற்று ஊதும். எழும் அலையைக் கேமரா படமெடுக்கும். அலை வேகமாக ஓடினால் படலம் விறைப்பு, மெதுவானால் தளர்வு. கண்ணைத் தொடவே வேண்டாம்.

மிக்கேல் 99. என் கண் 100. அது தினமும் நூறுதான், ஒப்பிடுவதே அதனோடுதான். முறைப்படி ஒப்பிடுவதற்கென்று, விறைப்பு மாறாத ஒரு ஜெல் வில்லை பெட்டியில் இருக்கிறது, அரை மணி நேரம் சூடாக்க வேண்டும். பூமியில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதற்குக் காத்திருந்ததில்லை. சொந்தக் கண்ணை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

நாள் 214. 09:30
கீழே செவ்வாய்த் தளத்தில் ஆக்சிஜன் இயந்திரம் பழுது. அங்கே மூன்று பேர். ஐந்து நாளுக்குத்தான் காற்று. மிக்கேல் இறங்கு படகில் ஆக்சிஜன் உருளைகள் கொண்டுபோகிறார். ராடார் ஓடவில்லை, தள விளக்கைக் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும்.

எழுத்து மங்குவதாக ஒரு வாரமாகச் சொல்கிறார். எனக்கும்தான் மங்குகிறது, கண்ணாடி பழசு. பயந்துவிட்டீர்களா என்று கிண்டல் செய்தேன். அளவு 99. பறக்கத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டேன்.

நாள் 215. 11:05
படகு கிளம்பிவிட்டது. மனம் கேட்காமல் ஜெல் வில்லையைச் சூடாக்கி வைத்துப் பார்த்தேன். வில்லை 100. என் கண் 61. அப்படியானால் அவருடையதும் அறுபதுதான். எடையற்ற வாழ்வில் இருவர் கண்ணும் சேர்ந்தே தளர்ந்திருக்கிறது. நான் பாவி, அதைத்தான் நூறு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

11:19
திரும்பி வர எரிபொருள் போதாது. ரேடியோவில் மிக்கேலிடம் உண்மையைச் சொன்னேன்.

"சரி டாக்டரம்மா, அதைப் பெறவு பேசுவோம். ரெண்டு வெளக்கு தெரியுது, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எது நெசம்?"

அவருடைய கார்னியா படத்தைத் திரையில் விரித்தேன். கீழ்ப்பக்கம் புடைத்திருந்தது. புடைத்த பக்கம்தான் போலி உருவம் விழும், கீழே தெரிவதுதான் பொய்.

"மேல உள்ளதை நம்புங்க மிக்கேல்."

"உங்களை நம்பி எறங்குதேன்."

11:31
தளத்திலிருந்து சுலைமான்: "படகு பள்ளத்துல விழுந்துட்டு டாக்டர். கூப்பிட்டுப் பாத்தோம். அவர் பேசல."

அந்தப் படத்தையும் இந்தக் கண்ணால்தான் பார்த்தேன். இப்போது பார்க்கிறேன், புடைப்பு இரண்டாகத் தெரிகிறது. மேலேயா கீழேயா என்று

நாள் 216. 08:00
இன்னொரு படகு இருக்கிறது. உருளைகளை ஏற்றிவிட்டேன். பயிற்சியில் இரண்டு முறை இறக்கியிருக்கிறேன். அப்போது கண் நன்றாக இருந்தது.

வில்லையை வைத்தே அளந்தேன். 58.

சுலைமான் கேட்டார்: "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான தெரியுது?"

தெரிகிறது என்றேன். கிளம்புகிறேன்.