மைதானத்துக்கும் லேபுக்கும் நடுவே

அன்புள்ள தனம் அக்கா,

பள்ளி முழுக்க உங்களை பி.டி. டீச்சர் என்று கூப்பிட்டபோது நான் மட்டும் அக்கா என்றேன். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே தினமும் சண்டையும் போட்டேன். என் ரோபோ குழுவில் இருந்த ஐந்து பெண்களில் மூன்று பேர் உங்கள் கோ-கோ அணியிலும் இருந்தார்கள். சாயங்கால பெல் அடித்ததும் நீங்கள் மைதானத்திலிருந்து கத்துவீர்கள். நான் பிசிக்ஸ் லேப் ஜன்னலிலிருந்து கத்துவேன்.

"சுமதி, புள்ளைங்கள அந்த ஒயருக்குள்ளயே ஒக்கார வெச்சி கண்ண கெடுக்காத. அனுப்பு!"

"அர மணி நேரங்க்கா, ப்ளீஸ்."

"உன் அர மணி நேரம் எனக்குத் தெரியாதா? மங்கலம்பேட்டை பஸ்ஸு போயிடும், அனுப்புடி."

அந்த மூவரில் ஒருத்தி நசீமா, அந்த பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். ரோபோவில் மட்டும் இருந்த காவ்யாவுக்கு வீட்டில் அகல் விளக்கு செய்யும் வேலை. கார்த்திகை நெருங்கினால் அவளை லேபில் பார்ப்பதே அபூர்வம். சனி, ஞாயிறு எல்லோருக்கும் டியூஷன். மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தைத்தான் நாம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம்.

லேசாக மார்வலி என்று சொல்லி லீவு போட்டீர்கள். மறுநாள் நாங்கள் மாலையோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றோம்.

உங்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "கிரவுண்டு சும்மாதான இருக்குது. இனிமே சாயங்காலம் முழுசும் நீங்களே வெச்சிக்குங்க டீச்சர்" என்றார். இத்தனை நாள் உங்களிடம் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சந்தோஷம் மட்டும் ஏன் வரவில்லை, அக்கா?

பிள்ளைகள் ஒழுங்காக வந்தார்கள், ஒழுங்காகப் போனார்கள். முன்பெல்லாம் மைதானத்துப் புழுதியோடு ஓடிவந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, கிடைத்த கொஞ்ச நேரத்தில் வண்டியை ஓட வைத்துவிடுவார்கள். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் குட்டி வண்டி அது. இப்போது நேரம் நிறைய இருந்தும், வளைவு வந்தால் கோட்டை விட்டு விலகிப் போனது. அதற்காக யாரும் பதறவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நசீமா என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், நான் ரோபோலருந்து நின்னுக்கறேன்."

"ஏம்மா, வூட்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல மிஸ். கோ-கோ மேட்சு வருது. டீச்சர் இல்லன்னு பேரு குடுக்காம வுட்டா அதோட முடிஞ்சிடும். நாங்களே வெளாடிக்கறோம். ரெண்டுக்கும் நேரம் இல்ல மிஸ்."

அவள் அழவில்லை. "நிக்க வேணாம். கிரவுண்டுக்கு நான் வரேன்" என்றேன். கோ-கோவில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஹெச்.எம். கேட்டார்: "பிசிக்ஸ் டீச்சருக்கு கிரவுண்டுல என்ன வேல?"

"சொல்லிக் குடுக்க இல்ல சார். சும்மா கூட நிக்கறேன்."

செவ்வாயும் வியாழனும் மைதானம், மற்ற நாள் லேப் என்று ஆயிற்று. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலில் நான் நின்ற கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். ஆனால் லேபுக்குள் மறுபடியும் புழுதி வந்தது. சத்தமும் வந்தது. வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவள் நசீமாதான்.

அப்புறம் பாருங்கள், இரண்டு போட்டியும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. கடலூரில் ரோபோ, சேத்தியாத்தோப்பில் கோ-கோ. பிள்ளைகளே உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். காவ்யாவும் இன்னொருத்தியும் கணக்கு டீச்சரோடு கடலூருக்கு, மற்ற மூவரும் அணியோடு சேத்தியாத்தோப்புக்கு.

"நீங்க எங்க மிஸ் வருவீங்க?" என்று கேட்டாள் நசீமா.

"கடலூருக்குக் கணக்கு மிஸ் போறாங்க. உங்களுக்கு யாரு இருக்காங்க?"

முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதில் தோற்றோம். முழங்கால் சிராய்ப்போடு வந்த நசீமா, "மிஸ், நீங்க கத்துனது எல்லாமே தப்பு மிஸ்" என்று சிரித்தாள்.

அந்த நேரம் காவ்யா போன் செய்தாள். "மிஸ், இங்க ஜன்னல் வெளிச்சத்துல வண்டிக்குக் கோடு தெரியல. கறுப்பு அட்டைய வெட்டி வண்டி மேல கூரை மாதிரி வெச்சோம். முழுசா ஓடிடிச்சி மிஸ்! பரிசுதான் இல்ல."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கோ-கோ அணி மொத்தமும் குதித்தது. தோற்றவர்கள் ஏன் இப்படிக் கூத்தாடுகிறார்கள் என்று பக்கத்துப் பள்ளிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்களுக்குக் கேட்டதா, அக்கா?

பொங்கலுக்குப் பிறகு புது பி.டி. டீச்சர் வரலாம் என்கிறார்கள். யார் வந்தாலும் அவரோடும் நேரத்துக்காகச் சண்டை போடுவேன். அவரும் உங்களைப் போலத் திருப்பிக் கத்த வேண்டும், அதுதான் என் ஆசை. ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். சண்டையில் நான் தோற்றாலும் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிடுவேன். ஜெயித்தாலும் அனுப்பிவிடுவேன்.

சண்டை போட்டே உங்களுக்குச் சொந்தமாகிப்போன தங்கை,
சுமதி
விருத்தாசலம்